பக்கத்து வீட்டில் பத்துப் பேர்



ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தவறாமல் வரும் ஒரு விவாதம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்து, பார்க்கிங் தகராறும் முடிந்து, காபி வருவதற்குச் சற்று முன்னால் யாராவது எழுந்து, "பேச்சிலர்களுக்கு ஃபிளாட்டை வாடகைக்கு விடலாமா, கூடாதா?" என்று கேட்பார். "ஃபேமிலிக்கு மட்டும்" என்று ஒரு தரப்பு அடித்துச் சொல்லும். ஆனால் ஃபேமிலி என்றால் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று விட்டுவிடுகிறோம்.

அந்தக் கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு வீட்டைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். அந்த வீட்டில் இருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவருக்கொருவர் எந்த உறவும் இல்லை. எல்லோரும் குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையாக இருந்து மீண்டுகொண்டிருந்தவர்கள். படித்ததும் உங்களில் சிலருக்கு, "நல்லவேளை, நம் பிளாக்கில் இல்லை" என்று தோன்றியிருக்கும். அப்படித் தோன்றுவது இயல்புதான். இந்தக் கதையில் வரும் அக்கம்பக்கத்தாருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம், நம்மைப் பற்றியது. ஒரு பகுதியில் எந்த மாதிரிக் கட்டடம் வரலாம், யார் குடியிருக்கலாம் என்று ஊர் நிர்வாகம் வரையறுப்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் முதன்முதலாக ஒப்புக்கொண்டது 1926-ல். ஒஹையோ மாநிலத்தில் கிளீவ்லேண்டை ஒட்டிய யூக்ளிட் என்ற ஊரின் வழக்கு அது. தீர்ப்பை எழுதிய நீதிபதி சதர்லேண்ட், தனி வீடுகள் இருக்கும் தெருவுக்கு வெறும் ஒட்டுண்ணியாக வந்து சேரும் ஒன்று என்று எதைச் சொன்னார் தெரியுமா? சாராயக் கடையை அல்ல, தொழிற்சாலையை அல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பை! காற்றையும் வெளிச்சத்தையும் மறைக்கும், வண்டி நெரிசலைக் கொண்டுவரும், குழந்தைகள் விளையாட இடமில்லாமல் செய்யும் என்று காரணங்களை அடுக்கினார். ஆக, அன்றைய கணக்குப்படி ஏ பிளாக், பி பிளாக் என்று வாழும் நாம்தான் வேண்டாத அண்டை வீட்டார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரி, அந்த வீடு எப்படிப்பட்டது? சிகிச்சை மையம் அல்ல. அங்கே டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது, வார்டனும் கிடையாது. சோபர் ஹோம் என்று சொல்வார்கள். குடியை விட்டவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சேர்ந்து சமைத்து, காலையில் அவரவர் வேலைக்குப் போய், மாலையில் திரும்பி வரும் ஒரு சாதாரண வீடு. உள்ளே ஒரு சொட்டு மது கூடாது என்பது மட்டும்தான் தெருவிலுள்ள மற்ற வீடுகளுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்.

இப்படி ஒரு வீடு எதற்கு என்று கேட்கலாம். குடியால் ஒரு குடும்பம் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். மருத்துவமனையில் மூன்று வாரமோ நான்கு வாரமோ வைத்து, உடம்பிலிருந்து விஷத்தை இறக்கி, அறிவுரை சொல்லி அனுப்புவார்கள். ஆள் தெளிவாகத்தான் வெளியே வருவார். ஆனால் எங்கே போவார்? அதே தெரு, அதே நண்பர்கள், அதே கடன்காரர்கள், ஆறு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லாத அதே சாயங்காலம். சிலருக்குத் திரும்பிப் போக வீடே மிஞ்சியிருக்காது. குடியை நிறுத்துவதைவிட நிறுத்தியபடியே இருப்பது கஷ்டம். அதற்கு நாள் வேண்டும், இடம் வேண்டும்.

இதை அமெரிக்கர்கள் வெகுகாலம் முன்பே கண்டுகொண்டார்கள். 1840-ல் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்த ஆறு குடிகாரர்கள் இனிக் குடிப்பதில்லை என்று தங்களுக்குள் உறுதி எடுத்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். முதல் ஜனாதிபதியின் பெயரால் வாஷிங்டோனியர் என்று அழைத்துக்கொண்டார்கள். அந்த அலை சில ஆண்டுகளில் ஓய்ந்தாலும், அதன் வழியில் 1857-ல் பாஸ்டனில் குடியிலிருந்து மீள்பவர்களுக்கென்று ஒரு இல்லம் வந்தது.

1935-ல் ஒஹையோவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவரும் மொடாக் குடியர்கள். ஒரு குடிகாரனின் பேச்சை இன்னொரு குடிகாரன்தான் காதுகொடுத்துக் கேட்பான் என்பதை அந்தச் சந்திப்பில் உணர்ந்தார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்தது அப்படித்தான். இருவரும் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்கள். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் மறுபடி வரும். வில்சனும் அவர் மனைவி லோயிஸும் புரூக்ளினில் கிளின்டன் தெருவில் இருந்த தங்கள் வீட்டிலேயே குடிகாரர்களைத் தங்கவைத்துத் திருத்தப் பார்த்தார்கள். லோயிஸ் பகலெல்லாம் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வேலை பார்த்துவிட்டு வந்து இவர்களையும் பராமரித்தார். பெரிய பலன் இல்லை. புண்ணியவான்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்து சாப்பிட்டால் யாரும் குடியை விடுவதில்லை என்பது என் கருத்து. அடுத்து வருவதைப் படித்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

1949-ல் மினசோட்டாவில் ஹேஸல்டன் என்ற சிகிச்சை மையம் வந்தது. 1953-ல் அதே அமைப்பு செயின்ட் பால் நகரில் சிகிச்சை முடிந்தவர்கள் தங்க ஒரு விடுதி திறந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவழியில் இருப்பதால் இப்படிப்பட்டவற்றுக்கு ஹாஃப்வே ஹவுஸ் என்று பெயர் நின்றது. 1958-ல் கலிஃபோர்னியாவில் சினனான் என்று ஒன்று கிளம்பியது. போதையிலிருந்து மீண்டவர்களே நடத்துவது என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் நிறுவனர் சார்ல்ஸ் டெடெரிக் ஒருவரின் சொல்லே சட்டம் என்று ஆகி, கடைசியில் அது மடம் மாதிரி, அதைவிட மோசமாக, அடியாள் கூட்டத்தோடு முடிந்தது. 1978-ல் தங்களுக்கு எதிராக வழக்காடிய வக்கீலின் தபால் பெட்டிக்குள் சாரைப்பாம்பை அல்ல, கிலுகிலுப்பை விரியனையே போட்டார்கள். வக்கீல் கடிபட்டுப் பிழைத்தார். மனம் தளர்ந்த நிலையில் இருப்பவர்களை ஒரே தலைவர் கையில் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனி 1975. வாஷிங்டனை ஒட்டி மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊர். அங்கே மாவட்ட நிர்வாகம் நடத்திய ஒரு ஹாஃப்வே ஹவுஸில் 13 ஆண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பால் மொலாய். செனட் சபையின் வணிகக் குழுவில் வழக்கறிஞராக இருந்தவர். குடி அவரை இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டிருந்தது. இந்த நிலையில் செலவைக் குறைக்க வேண்டும், இல்லத்தை மூடப்போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்தது.

மொலாய்க்கும் மற்றவர்களுக்கும் ஏற்கெனவே ஒரு கவலை இருந்தது. அந்த இல்லத்தில் ஆறு மாதம்தான் தங்கலாம். கெடு முடிந்து அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலானோர் மறுபடி குடிக்கத் தொடங்குவதை அவர்கள் கண்ணெதிரே பார்த்தார்கள். இப்போது இல்லமே போகிறது என்றதும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். செலவில் பெரும்பங்கு ஊழியர் சம்பளம். சமையலையும் பாத்திரத்தையும் கூட்டிப் பெருக்குவதையும் தாங்களே பார்த்துக்கொண்டால், வாடகையையும் கரண்ட் பில்லையும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கட்டிவிடலாம். ஏ.ஏ. நண்பர்களின் கைகொடுப்போடு அந்த வீட்டைத் தாங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏ.ஏ.வுக்கு வித்திட்ட அந்தப் பழைய இயக்கத்தின் நினைவாக ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயரைப் பார்த்து மதம் பரப்பும் வீடு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் கூடச் சம்பந்தம் இல்லை.

அவர்கள் வைத்துக்கொண்ட விதிகள் மூன்றுதான். வீட்டை ஜனநாயக முறையில் தாங்களே நடத்த வேண்டும். செலவைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். குடித்தவர் அல்லது போதைப்பொருள் எடுத்தவர் உடனே வெளியேற வேண்டும்.

அசோசியேஷன் நடத்துகிற நமக்கு இதன் உள்விவரங்கள் சுவாரசியமாக இருக்கும். வாரம் ஒருமுறை கூட்டம் உண்டு, வராமல் இருக்க முடியாது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பாளர்களை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். பதவிக்காலம் ஆறு மாதம். அதன் பிறகு வேறு ஒருவர் வர வேண்டும். அதாவது எல்லோரும் ஒருமுறையாவது கணக்குப் புத்தகத்தைக் கையில் வாங்கியாக வேண்டும். நம் இடத்தில் செயலாளர் பதவிக்கு ஆள் பிடிக்க ஆண்டுதோறும் என்ன பாடு படுகிறோம் என்று நினைத்துப் பாருங்கள்! அவர்களுடைய நோக்கம் நிர்வாகச் சுத்தம் மட்டுமல்ல. வருஷக்கணக்கில் வீட்டில் ஒருவரும் நம்பிப் பத்து ரூபாய் கொடுக்காத ஒரு மனிதரிடம், பத்துப் பேரின் வாடகைப் பணத்தைக் கொடுத்து "நீங்கள்தான் பொருளாளர்" என்றால் அவருக்குள் என்ன நடக்கும்? சினனான் மாதிரி ஒரு சாமியார் முளைக்காமலும் அந்த ஆறு மாத விதி பார்த்துக்கொண்டது.

புதிதாக ஒருவர் வர வேண்டும் என்றால் இருப்பவர்கள் அவரை நேரில் பார்த்துப் பேசி ஓட்டெடுப்பார்கள். 80 சதவீதம் பேர் சரி என்றால்தான் இடம். ஒரு அறைக்குப் பெரும்பாலும் இருவர், காரணம் செலவு மட்டுமல்ல, தனிமைதான் குடிக்கு முதல் தோழன் என்பது. ஆண்களுக்குத் தனி வீடு, பெண்களுக்குத் தனி வீடு. பின்னாளில் குழந்தைகளோடு வரும் தாய்மார்களுக்கும் வீடுகள் வந்தன. எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குக் கெடு இல்லை. குடிக்காமல் இருக்க வேண்டும், பங்குப் பணம் கட்ட வேண்டும், ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும். அப்படி இருந்தால் பத்து வருஷம்கூட இருக்கலாம்.

சில மாதங்களில் கையில் கொஞ்சம் மிச்சம் சேர்ந்தது. அதை வைத்து இரண்டாவது வீட்டைத் தொடங்கினார்கள். அதிலிருந்து மூன்றாவது. இருந்தாலும் 13 ஆண்டுகளில் எண்ணிக்கை இருபதை எட்டவில்லை. முன்பணம் கொடுத்து வீடு பிடிப்பதுதான் தடையாக இருந்தது. நம் ஊர் அட்வான்ஸ் போல அங்கேயும் மொத்தமாக ஒரு தொகை வைக்க வேண்டும், சிகிச்சை முடிந்து வெறும் கையோடு வரும் ஆறு பேரிடம் அது ஏது? 1988-ல் ரீகன் கையெழுத்திட்ட போதைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி பிறந்தது. ஒவ்வொரு மாநிலமும் 1,00,000 டாலரில் ஒரு சுழல்நிதி வைக்க வேண்டும். குறைந்தது ஆறு பேர் சேர்ந்து வந்தால் 4,000 டாலர் வரை கடன். இரண்டு வருஷத்துக்குள் மாதத் தவணையில் திருப்ப வேண்டும், திரும்பி வரும் பணம் அடுத்த வீட்டுக்குப் போகும். நம்முடைய மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இருக்காது. அதற்குப் பிறகுதான் வீடுகள் மளமளவென்று பெருகின. இன்று 3,000-க்கு மேல் இருக்கின்றன.

வீடுகள் பெருகியதும் அக்கம்பக்கத்தாரும் விழித்துக்கொண்டார்கள். இங்கேதான் ஃபேமிலி என்ற சொல் வருகிறது.

அமெரிக்க ஊர்களில் "ஒற்றைக் குடும்ப வீடுகள் மட்டும்" என்று பகுதி பகுதியாக ஒதுக்கியிருப்பார்கள். குடும்பம் என்றால் யார் என்று ஒவ்வொரு ஊரும் ஒரு விளக்கம் எழுதி வைத்திருக்கும். நியூயார்க் அருகே பெல் டெர் என்ற கிராமத்தில், ரத்த சம்பந்தமோ திருமண சம்பந்தமோ இல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஒரு வீட்டில் கூடாது என்று விதி. ஆறு கல்லூரி மாணவர்கள் சேர்ந்து வீடெடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, 1974-ல் கிராமத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பானது. பேச்சிலர் எதிர்ப்பாளர்கள் இந்தத் தீர்ப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்ததைக் கேளுங்கள். ஒஹையோவில் ஈஸ்ட் கிளீவ்லேண்ட் என்ற ஊர். அங்கே குடும்பத்துக்கு எழுதிய விளக்கம் இன்னும் கறாரானது, எந்தெந்த உறவினர் சேர்ந்து வாழலாம் என்பது வரை போனது. ஐனஸ் மோர் என்ற பாட்டி தன் மகனோடும் இரண்டு பேரன்களோடும் இருந்தார். பேரன்கள் இருவரும் ஒரே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் அல்ல, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். தாயை இழந்த குழந்தையைப் பாட்டி எடுத்து வளர்த்தார். ஊர் விதிப்படி அது குடும்பம் ஆகாது! பேரனை வெளியே அனுப்பச் சொன்னார்கள். மறுத்த பாட்டிக்கு ஐந்து நாள் சிறையும் 25 டாலர் அபராதமும் விதித்தார்கள். 1977-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில்தான் இதை ரத்து செய்தது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இந்த வழக்கு நீதிமன்றம் வரை போனதே ஆச்சரியம், நான்கு நீதிபதிகள் பாட்டி பக்கம் இல்லை என்பது அதைவிட ஆச்சரியம்.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம், மதம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் கையெழுத்தானது. 1988-ல் அதைத் திருத்தி மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். போதை அடிமைத்தனத்திலிருந்து மீள்பவர்களும் அந்தப் பாதுகாப்புக்குள் வருவார்கள் என்று ஆனது. சட்டவிரோதப் போதைப்பொருளைத் தற்போது பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு அது கிடையாது. மீண்டவருக்கு உண்டு, மீளாதவருக்கு இல்லை. 1975-ல் மொலாயும் தோழர்களும் எழுதிய மூன்றாவது விதி, 13 வருஷம் கழித்து வந்த சட்டத்தோடு இப்படிக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

1990 கோடையில் சியாட்டிலுக்கு வடக்கே எட்மண்ட்ஸ் என்ற கடலோர ஊரில் ஒரு ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் திறந்தது. இடம், ஒற்றைக் குடும்ப வீடுகளுக்கான பகுதி. எட்மண்ட்ஸ் விதிப்படி உறவுக்காரர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். உறவில்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் கூடாது. இந்த வீட்டிலோ பத்துப் பன்னிரண்டு பேர். வீட்டுச் சொந்தக்காரர் மீதும் குடியிருந்தவர் ஒருவர் மீதும் நகர நிர்வாகம் குற்ற நோட்டீஸ் கொடுத்தது. வீட்டுக்காரர்கள் சளைக்கவில்லை. ஐந்து பேர் என்றால் வாடகையும் கட்டுப்படியாகாது, ஒருவருக்கொருவர் துணையும் போதாது, எங்களுக்காக விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக விதியில் நியாயமான விலக்கு தராவிட்டால் அதுவும் பாகுபாடுதான் என்பது 1988 திருத்தத்தில் உள்ளது.

நகரம் ஒரு ஓட்டையைக் காட்டியது. ஒரு வீட்டில் அதிகபட்சம் எத்தனை பேர் இருக்கலாம் என்று ஊர்கள் வைக்கும் நியாயமான வரம்புக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. எங்கள் விதியும் ஒரு வரம்புதானே என்றது நகரம். கீழ் நீதிமன்றம் நகரத்தின் பக்கம், மேல்முறையீட்டு நீதிமன்றம் வீட்டின் பக்கம். 1995 மே 15-ல் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று வீட்டின் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். அவர் காட்டிய உதாரணம் எளிமையானது. அண்ணன் தம்பி அக்கா தங்கை பத்துப் பேர், அவர்களுடைய அப்பா அம்மா, தாத்தா பாட்டி எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தாலும் எட்மண்ட்ஸ் விதி அவர்களைத் தொடாது. அப்படியானால் இது தலைகளை எண்ணும் விதி அல்ல, உறவைப் பார்க்கும் விதி. இட நெருக்கடியைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் இவ்வளவு சதுர அடிக்கு இத்தனை பேர் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பைப் பெரிதாக்கிச் சொல்லவும் கூடாது. எட்மண்ட்ஸ் பாகுபாடு காட்டியதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை, அதை விசாரிக்கச் சொல்லிக் கீழே அனுப்பியது. ஆனால் "குடும்பம்" என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு சட்டத்திலிருந்து தப்பிக்கும் வழி அடைபட்டது.

சட்டம் இருக்கட்டும், அந்தத் தெருக்காரர்கள் கதி என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டு விலை விழுந்ததா, திருட்டு பெருகியதா? சிகாகோ நகரத்தின் டிபால் பல்கலைக்கழகத்தில் லெனர்டு ஜேசன் என்ற உளவியல் பேராசிரியர் 1991-ல் தொலைக்காட்சியில் மொலாயின் பேட்டியைப் பார்த்துவிட்டு அவரைத் தொடர்புகொண்டார். அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் குழு இந்த வீடுகளைத்தான் ஆராய்ந்தது. சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸுக்கும் மறு பாதியை வழக்கம்போல வீட்டுக்கும் அனுப்பிய ஆய்வு 2006-ல் வெளியானது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் வழக்கமான வழியில் போனவர்களில் 64.8 சதவீதம் பேர் மறுபடி போதையில். ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் போனவர்களில் 31.3 சதவீதம். மாத வருமானம் 989 டாலர், மற்றவர்களுக்கு 440. இந்த வீடுகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் சறுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள். ஆனால் பாதிக்குப் பாதி என்பது மருந்துக் கம்பெனிகள் கனவு காணும் வித்தியாசம்.

அண்டை வீட்டாரையும் அந்தக் குழு கேட்டது. இந்த வீட்டுக்கு ஒட்டினாற்போல் இருப்பவர்கள், ஒரு தெரு தள்ளி இருப்பவர்கள் என்று இரு தரப்பினரிடமும் பேசினார்கள். நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான விடை கிடைத்தது. பக்கத்திலேயே இருந்தவர்கள்தான் இப்படிப்பட்ட வீடு தங்கள் தெருவில் இருப்பதற்கு அதிகம் ஒப்புக்கொண்டார்கள். தள்ளி இருந்தவர்களுக்குத்தான் பயம் அதிகம். வீட்டு விலையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஓரிகன் மாநிலம் போர்ட்லேண்டில் இந்த வீடுகளைச் சுற்றி நடந்த குற்றங்களையும் மற்ற வீடுகளைச் சுற்றி நடந்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்ததிலும் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. யோசித்தால் காரணம் புரியும். இரவு பத்து மணிக்கு மேல் ஒரு பார்ட்டிகூட நடக்க முடியாத வீடு அது!

இதெல்லாம் நல்ல பக்கம். கெட்ட பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை விளம்பரமாகிவிடும்.

சோபர் ஹோம் என்று போர்டு மாட்டுபவர்கள் எல்லோரும் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் அல்ல. ஃபுளோரிடாவின் பாம் பீச் பகுதியில், தனியார் முதலாளிகள் நடத்தும் சோபர் ஹோம்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. காப்பீடு இப்போது போதைச் சிகிச்சைக்கும் பணம் கொடுக்கிறது, 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். வாடகை வேண்டாம், சாப்பாடு இலவசம் என்று வடக்கிலிருந்து இளைஞர்களை வரவழைப்பது. அவர்களைச் சிகிச்சை மையங்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷனுக்கு அனுப்புவது. மையங்கள் தேவையே இல்லாமல் வாரத்துக்குப் பலமுறை சிறுநீர்ப் பரிசோதனை செய்து காப்பீட்டு நிறுவனத்திடம் கறப்பது. பையன் குணமாகிவிட்டால் வருமானம் நின்றுவிடும், மறுபடி விழுந்தால் சிகிச்சை மறுபடி முதலிலிருந்து. ஆகவே சில இடங்களில் விழ வைத்தார்கள். 2016-ல் இதற்கென்று அரசு வழக்கறிஞர் தனிப்படை அமைத்தார். 2017-ல் ஒரு நடத்துநருக்கு 27 ஆண்டு 6 மாதம் சிறைத்தண்டனை கிடைத்தது. 2023-ல் அரிசோனாவில் இதே நாடகம், இம்முறை இரை பூர்வகுடி மக்கள். அவர்களுடைய ஊர்களிலிருந்து வேனில் ஏற்றி ஃபீனிக்ஸுக்குக் கொண்டுவந்து அடைத்து, அரசு மருத்துவத் திட்டத்தின் பெயரில் பணம் பறித்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குக் கொடுக்கவிருந்த பணத்தை மாநில அரசு நிறுத்திவைத்தது. நிறுவனங்கள் மூடப்பட்டதும் பலர் தெருவில் நின்றார்கள்.

இரண்டு வகைக்கும் வேறுபாடு எங்கே என்று பார்த்தால் பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. ஒன்றில் குடியிருப்பவர் பங்கு கட்டுகிறார், கணக்கு அவர் கையில். மற்றதில் குடியிருப்பவரே சரக்கு.

ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் முறையிலும் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. குடித்தால் உடனே வெளியே என்பது இருக்கும் ஒன்பது பேரைக் காப்பாற்றுகிறது, சரி. வெளியே போன அந்த ஒருவர்? ஹெராயின் மாதிரிப் பொருட்களைச் சில மாதம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி எடுக்கும் முதல் தடவையே உயிருக்கு ஆபத்து. இன்னொன்று, போதை வேட்கையை அடக்க மருத்துவர் கொடுக்கும் மருந்தைச் சாப்பிடுபவரையும் "நீ இன்னும் போதையில்தான் இருக்கிறாய்" என்று பல சோபர் ஹோம்கள் சேர்க்க மறுத்தன. நீரிழிவுக்காரரை இன்சுலினை விட்டுவிட்டு வா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின் 1980-ல் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று நம் எல்லோருக்கும் தெரிந்த இடம் அதுதான். குடி ஒரு நோய் என்ற பேச்சைத் தமிழ்க் குடும்பங்களுக்குள் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சட்டமும் ஒன்று இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, இப்படிப்பட்டவர்களுக்குச் சமூகத்தின் நடுவே வாழும் உரிமை உண்டு என்கிறது. குடும்பத்தோடு வாழ முடியாதவர்களுக்கு ஹாஃப்வே ஹோம், குழு இல்லம் போன்றவற்றை அரசு ஏற்படுத்த வேண்டும் என்கிறது. சமூகத்தின் நடுவே என்றால் எங்கே? யாராவது ஒருவருடைய தெருவில்தான், யாராவது ஒருவருடைய பிளாக்குக்குப் பக்கத்தில்தான்.

கடைசியாக, உங்களில் யாருக்காவது இது வெறும் வரலாறாக இல்லாமல் சொந்த வீட்டு விஷயமாக இருக்கலாம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வாழும் இடத்தில் அப்படி ஒருவர்கூட இல்லாமல் இருக்க மாட்டார். மறுவாழ்வு மையம் என்ற பெயரில் பூட்டி வைத்து அடிக்கும் இடங்களைப் பற்றியும் செய்திகள் படித்திருப்பீர்கள். ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவானதா என்று கேளுங்கள். உள்ளே இருப்பவரோடு நீங்கள் தனியாகப் பேசலாமா, மருத்துவர் எந்த நாட்களில் வருகிறார், மாதக் கட்டணத்துக்கு ரசீது உண்டா, சிகிச்சை முடிந்தபின் எங்கே தங்கவைப்பார்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. அழைப்பவர் பெயர் அசோசியேஷன் அலுவலகத்துக்கோ செக்யூரிட்டிக்கோ தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.